பிரைவேட் ஃபீல்டை எட்டும் பைட்கோட்: திருகோணமலைக் குழுவொன்றின் ஜாவா 17 மாற்றம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் இயங்கும் ஒரு சிறிய மென்பொருள் குழு, மீன் கொள்வனவு செய்யும் வியாபாரிகளுக்குக் கணக்குச் சேவை நடத்துகிறது. கொட்பே துறைமுகத்துக்கு வரும் பலநாள் படகுகள் ஒரு பக்கம். குச்சவெளி தொடக்கம் மூதூர் வரை கரையேறும் சிறு வள்ளங்கள் இன்னொரு பக்கம். இறங்குதுறையில் நிற்கும் எழுத்தர் படகு இலக்கம், மீன் வகை, நிறை, கிலோ விலை, சம்மாட்டிக்குக் கொடுத்த முற்பணம் எல்லாவற்றையும் கையடக்கக் கருவியில் பதிவார். சிக்னல் இருந்தால் பதிவு உடனே போய்விடும். இல்லாவிட்டால் கருவிக்குள்ளேயே சேர்ந்து கிடந்து, ஆள் நகரப் பக்கம் வந்ததும் மொத்தமாகச் சேர்வருக்குள் கொட்டும். சூரையும் பாரையும் குவியும் காலத்தில் விடியற்காலையில் சேர்வருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

கருவி அனுப்புவது இறுக்கிச் சுருக்கிய பைட்டுகள். சேர்வர் அவற்றை ஜாவா ஆப்ஜெக்டுகளாக்கிக் கணக்குப் பகுதிக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்குப் பகுதி குழுவின் சொந்தப் படைப்பல்ல. கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம், கம்பைல் செய்த கிளாஸ்களின் கட்டான ஜார் கோப்பாகக் கொடுப்பது. அதிலுள்ள இறக்குப் பதிவு, முற்பணம், கழிவு போன்ற கிளாஸ்களில் ஃபீல்டுகள் (மதிப்புகளை வைக்கும் இடங்கள்) எல்லாம் பிரைவேட், அதாவது வெளி நிரல் தொட முடியாதவை. மதிப்பை உள்ளே வைக்கப் பொது மெதட் ஒன்றும் கிடையாது. மூலநிரலும் குழுவின் கையில் இல்லை.

சேர்வர் அமைப்பையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வரும் சிக்கலின் வேர் அதில்தான் இருக்கிறது. ஒரே டொம்கட்டில் (ஜாவா வெப் செயலிகளை ஓட்டும் சேர்வர் மென்பொருள்) ஒவ்வொரு வியாபாரிக்கும் தனித்தனி வெப் செயலி. கணக்கு ஜாரின் புதிய பதிப்புக்கு ஒவ்வொரு வியாபாரியும் தன் வசதிப்படியே மாறுவார் என்பதால், அந்த ஜார் ஒவ்வொரு செயலிக்குள்ளும் தனியாக இருக்கும். பைட்டுகளைப் பெற்றுக்கொள்ளும் பகுதியும், அவற்றை ஆப்ஜெக்டாக்கும் வாசிப்பான் லைப்ரரியும் மட்டும் டொம்கட்டின் பொது லிப் கோப்புறையில் இருந்தன.

பழைய ஏற்பாடு

வாசிப்பான் லைப்ரரியை எழுதியவர் பல வருடங்களுக்கு முன்பே கனடாவுக்குப் போய்விட்டார். ஜாவா 8 காலத்து வேலை. கணக்குக் கிளாஸ் ஒன்றைக் கொடுத்தால், அதன் ஃபீல்டுகளை வரிசையாக நிரப்பும் கிளாஸ் ஒன்றை அது ஏஎஸ்எம் லைப்ரரியின் துணையோடு ஓட்ட நேரத்திலேயே (நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே) பைட்கோடாக, அதாவது ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் நேராகப் படிக்கும் கட்டளைகளாக, எழுதிவிடும். கருவி அனுப்பும் பைட்டுகளின் வடிவப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் அந்தக் கிளாஸுக்குள் ஒரு கிளை உண்டு.

கிளாஸின் உறுப்புகளை ஓட்ட நேரத்தில் பெயரால் தேடித் தொடும் ரிஃப்ளெக்ஷனைத் தவிர்த்து பைட்கோடுக்குப் போனதற்கு அன்று நியாயம் இருந்தது. ரிஃப்ளெக்ஷனில் ஒவ்வோர் அழைப்பிலும் அனுமதிச் சரிபார்ப்பு நடக்கும், மெதட் அழைத்தால் எண்களை ஆப்ஜெக்டாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும், பைட்கோடை ஓடும்போதே இயந்திரக் கட்டளைகளாக்கும் ஜிட் கம்பைலருக்கும் உள்ளே ஊடுருவிப் பார்ப்பது கடினம். ஃபீல்டில் மதிப்பை எழுதும் நேரடி புட்ஃபீல்ட் கட்டளை அந்தச் சுமை ஒன்றும் இல்லாமல் ஓடும்.

ஆனால் இன்னொரு கிளாஸின் பிரைவேட் ஃபீல்டில் புட்ஃபீல்ட் போட ஜேவிஎம் விடாது. அதற்கு அவர் பிடித்த வழி, ஜாவாவின் பாதுகாப்பு விதிகளைத் தாண்டவிடும் அன்சேஃப் கிளாஸிலிருந்த டிஃபைன்-அனானிமஸ்-கிளாஸ் என்ற மெதட். ஒரு கிளாஸை ‘விருந்தளிப்பவராக’க் காட்டி இன்னொரு கிளாஸின் பைட்டுகளைக் கொடுத்தால், புதியது விருந்தளிப்பவரின் பிரைவேட் உறுப்புகளைத் தன்னுடையவை போலத் தொடலாம். ஜாவா 8-இன் லாம்டாக்களே உள்ளுக்குள் இதன் மேல்தான் நின்றன. அதிகாரபூர்வமற்ற வழி என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் உலகம் முழுக்கப் பலர் அதை நம்பியிருந்தார்கள், ஆகவே அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை.

மாரியில் தொடங்கிய மாற்றம்

2024 கடைசியில், வாடைக்காற்று வீசி வள்ளங்கள் கரையில் கிடந்த காலத்தில், ஜாவா 17-க்கு மாறுவது என்று குழு முடிவெடுத்தது. ஜாவா செயலிகளுக்கான ஸ்பிரிங் கட்டமைப்பின் 6-ஆம் பதிப்பு குறைந்தது ஜாவா 17 கேட்டது, கணக்கு நிறுவனமும் தன் புதிய ஜாரை 17-க்கே கொடுத்தது. பங்குனியில் சிறுவள்ளங்களின் பருவம் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். ஆவணப்படுத்தவும் பரிசீலிக்கவும் என்று நான் இடையில் சேர்ந்தேன். கீழே வருபவை குழுவின் குறிப்புகளிலிருந்தும் நான் கூட இருந்து பார்த்தவற்றிலிருந்தும் எழுதியவை.

முதல் ஓட்டமே நோ-சச்-மெதட்-எரர் என்று நின்றது. டிஃபைன்-அனானிமஸ்-கிளாஸ் ஜாவா 15-இல் கைவிடத்தக்கது என்று குறிக்கப்பட்டு, 17-இல் நீக்கப்பட்டது. இதைக் குழு எதிர்பார்த்தே இருந்தது. மாற்று வழி எழுதும் பொறுப்பு குழுவில் இளையவரான ஒரு பெண் நிரலாளரிடம் போனது.

அவர் எடுத்த முதல் வழி இலகுவானது: சொந்தமாக ஒரு கிளாஸ் லோடர் (கிளாஸ்களை ஜேவிஎம்முக்குள் ஏற்றுவது), உருவாக்கும் கிளாஸுக்குக் கணக்குக் கிளாஸின் அதே பொதிப் பெயர் (பொதி என்பது பேக்கேஜ்), ஃபீல்டுகளின் மேல் முன்கூட்டியே செட்-அக்சசிபிள் (ரிஃப்ளெக்ஷனில் அனுமதித் தடையை நீக்கும் மெதட்). கிளாஸ் உருவானது, சரிபார்ப்பும் தாண்டியது, தானியங்கிச் சோதனைகளும் பச்சை காட்டின. சோதனைச் சேர்வரில் ஏற்றியபோது கருவிகள் ‘அனுப்பியாயிற்று’ என்றன, ஆனால் பேரேட்டில் பதிவைக் காணவில்லை. லொக் கோப்பிலும் ஒன்றும் இல்லை.

இரண்டு காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. முதலாவது, அனுமதிச் சரிபார்ப்பு நடக்கும் நேரம். ஒரு கட்டளை குறிப்பிடும் ஃபீல்டை ஹொட்ஸ்பொட் ஜேவிஎம் அந்தக் கட்டளை முதன்முதல் ஓடும்போதுதான் தேடித் தீர்க்கும், அனுமதி இருக்கிறதா என்று பார்ப்பதும் அப்போதுதான். சோதனைகள் கிளாஸை உருவாக்கிப் பார்த்தனவே தவிர அழைத்துப் பார்க்கவில்லை. இரண்டாவது, வந்தது இல்லீகல்-அக்சஸ்-எரர். அது எக்செப்ஷன் வம்சம் அல்ல, எரர் வம்சம். பெறும் பகுதி எக்செப்ஷனை மட்டும் பிடித்து லொக்கில் எழுதும்படி இருந்தது. வேலை திரெட் பூலுக்குள் (வேலைகளைப் பங்கிட்டு ஓட்டும் திரெட்களின் தொகுதி) ஓடியதால், வேலையின் முடிவைப் பிடித்துவைக்கும் பியூச்சர் ஆப்ஜெக்டுக்குள் எரர் அடங்கிப்போனது, அதைத் திறந்து பார்க்க ஆளில்லை.

பிழையைக் கண்டுபிடித்த பிறகும் அவருக்குச் சமாதானம் வரவில்லை. “நான் செட்-அக்சசிபிள் போட்டனான்தானே அண்ணா, பிறகேன் விடுதில்லை?” என்று குழுத் தலைவரைக் கேட்டார். “அது அந்த ஃபீல்ட் ஆப்ஜெக்டில மட்டும் நிக்கிற கொடி தங்கச்சி, பைட்கோடுக்கு அப்பிடியொண்டு இருக்கெண்டே தெரியாது” என்றார் அவர். சரியான பதில். செட்-அக்சசிபிள் ரிஃப்ளெக்ஷன் வழியாகப் போகும் அழைப்புக்கு மட்டும் சலுகை தருகிறது. புட்ஃபீல்ட் கட்டளையைப் பார்க்கும்போது ஜேவிஎம் கேட்பது ஒன்றுதான்: இந்தக் கட்டளை எந்தக் கிளாஸுக்குள் இருக்கிறது, அந்தக் கிளாஸ் யார்?

பொதிப் பெயரை ஒன்றாக வைத்ததும் பயன்படவில்லை. ஓட்ட நேரத்தில் பொதி என்பது பெயரும் லோடரும் சேர்ந்தது. லோடர் வேறானால் பெயர் ஒத்தும் பொதி வேறு. ஒரே லோடராக இருந்திருந்தாலும் கிடைத்திருப்பது பொதி மட்ட அனுமதிதான், பிரைவேட் அல்ல.

தள்ளிவைத்த வழிகள்

அடுத்து மேசைக்கு வந்த யோசனைகளில் மூன்றைக் குழு தள்ளியது. ஏன் தள்ளினார்கள் என்பது பதிவாக வேண்டியது.

ஜேவிஎம்மைத் தொடங்கும்போது, ஜாவாவின் உள் பகுதிகளைத் திறக்கும் ஆட்-ஓப்பன்ஸ் தெரிவு கொடுத்து, கிளாஸ்-லோடரின் உள் மெதட்டைப் பலவந்தமாக அழைத்து, கணக்குக் கிளாஸின் லோடருக்குள்ளேயே புதிய கிளாஸைச் செருகுவது ஒன்று. இணையத்தில் இந்த வழி ஏராளமாகக் கிடைக்கிறது. அது தருவது பொதி மட்ட அனுமதிதான் என்பதால், பிரைவேட் ஃபீல்டுக்கு வந்தால் அதே சுவர். அதற்காக ஜாவாவின் அடிப்படை மொடியூலை (மொடியூல் என்பது பொதிகளைச் சேர்த்து எல்லை போடும் அலகு) திறந்து வைப்பது நட்டக் கணக்கு.

அன்சேஃப் மூலம் ஃபீல்டின் நினைவக இடத்தைக் கண்டுபிடித்து மதிப்பை நேராக அங்கே எழுதுவது இரண்டாவது. ஜாவா 17-இல் வேலை செய்யும். ஆனால் அந்த நினைவக மெதட்டுகள் ஜாவா 23-இல் நீக்கத்துக்கென்று குறிக்கப்பட்டுவிட்டன. ஒரு முறை அன்சேஃபால் அடிவாங்கிய குழு மறுபடி அதே வாசலில் போய் நிற்கத் தேவையில்லை.

மூன்றாவது, பைட்கோடையே கைவிட்டு மெதட் ஹேண்டில்களுக்கு (ஒரு மெதட்டையோ ஃபீல்டையோ நேராகச் சுட்டும், அழைக்கக்கூடிய ஆப்ஜெக்டுகள்) மாறுவது. இது நல்ல யோசனை, தள்ளியதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மெதட் ஹேண்டிலுக்கு அனுமதிச் சரிபார்ப்பு அதைப் பெறும்போது ஒரு தடவைதான், அழைக்கும்போது இல்லை. மாறாத ஸ்டாட்டிக் ஃபைனலில் வைத்தால் ஜிட் அதை உள்ளே விரித்து, நேரடிக் கட்டளைக்குக் கிட்டத்தட்ட நிகராக்கிவிடும். குழு தயங்கியதற்குக் காரணம் வேகம் அல்ல. வடிவப் பதிப்புகளின் கிளைகளெல்லாம், பைட்கோடை எழுதும் பகுதியான பழைய ‘உருவாக்கி’க்குள் எழுதியாகி, வருடக்கணக்கில் பரீட்சிக்கப்பட்டவை. பங்குனிக்கு முன் அவற்றை இன்னொரு உருவத்தில் திருப்பி எழுத நேரமில்லை என்றார் தலைவர்.

தேர்ந்த வழி

குழு எடுத்தது ஹிடன் கிளாஸ் வழி. ஜாவா 15-இல் ஜெப் 371 (ஜெப் என்பது ஜாவா மேம்பாட்டு முன்மொழிவு) மூலம் வந்தது இது, பழைய அனானிமஸ் வழிக்கு அதிகாரபூர்வமான மாற்று. ஒரு கிளாஸின் பெயரில் அதன் அணுகல் உரிமைகளைச் சுமக்கும் லுக்அப் ஆப்ஜெக்ட் ஒன்றின் மேல் டிஃபைன்-ஹிடன்-கிளாஸை அழைத்து, நெஸ்ட்மேட் தெரிவையும் கொடுத்தால், புதிய கிளாஸ் அந்த லுக்அப்பின் கிளாஸுடைய நெஸ்டில் உறுப்பினராகிவிடும்.

நெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. ஜாவாவில் உள் கிளாஸ் வெளிக் கிளாஸின் பிரைவேட் உறுப்பைத் தொடலாம் என்று மொழி தொடக்க காலத்திலிருந்தே சொல்லிவந்தது, ஆனால் ஜேவிஎம்முக்கு அது தெரியாது. கம்பைலர்தான் நடுவில் பொதி மட்டத்தில் சின்னச் சின்னப் பால மெதட்டுகளை எழுதி ஒப்பேற்றியது. பழைய ஸ்டாக் டிரேஸ்களில் (பிழை வரும்போது அழைப்பு வரிசையைக் காட்டும் பட்டியல்) ‘அக்சஸ்’ என்று டொலர் குறியோடு வரும் விசித்திரப் பெயர்களைப் பார்த்தவர்களுக்கு இது ஞாபகம் வரும். 2018-இல் வந்த ஜாவா 11-இல், ஜெப் 181 மூலம், ஒரே நெஸ்டில் இருக்கும் கிளாஸ்கள் ஒன்றின் பிரைவேட்டை ஒன்று தொடலாம் என்பது ஜேவிஎம்மின் விதியாகவே ஆனது. ஹிடன் கிளாஸ் அந்த விதிக்குள் ஓட்ட நேரத்தில் ஒரு புதியவரைச் சேர்க்கிறது, அவ்வளவுதான்.

தொடக்கத்தில் சின்னத் தடங்கல் ஒன்று. பழைய உருவாக்கி தன் சொந்தப் பொதிப் பெயரிலேயே கிளாஸை எழுதியது, ஜாவா 8 அதைக் கண்டுகொள்ளவில்லை. ஹிடன் கிளாஸின் பொதி லுக்அப் கிளாஸின் பொதியாகவே இருக்க வேண்டும். அதை மாற்றியதும் அடுத்த படியில் வெரிஃபை-எரர் வந்தது. கணக்குக் கிளாஸில், நிரப்பி முடித்ததும் மொத்தத் தொகையைக் கணக்கிடும் பிரைவேட் மெதட் ஒன்று உண்டு. உருவாக்கி அதை இன்வோக்-ஸ்பெஷலால் அழைத்தது. அனானிமஸ் கிளாஸுக்கென்று பழைய சரிபார்ப்பானில் விதிவிலக்கு இருந்தது, நெஸ்ட்மேட்டுக்கு அது இல்லை. இன்னொரு நெஸ்ட் உறுப்பினரின் பிரைவேட் மெதட்டை இன்வோக்-வர்ச்சுவலால்தான் அழைக்க வேண்டும், ஜாவா 11-இலிருந்து கம்பைலரும் அப்படித்தான் எழுதுகிறது. கட்டளையை மாற்றினார்கள், தீர்ந்தது.

இந்த வெரிஃபை-எரர் உடனே வந்து கண்ணில் பட்டதைக் கவனிக்க வேண்டும். சரிபார்ப்பான் கிளாஸ் இணைக்கப்படும்போது எல்லாக் கிளைகளையும் ஒருங்கே பார்க்கும். அனுமதிச் சோதனை அப்படியல்ல. இந்த வித்தியாசம் பின்னால் மறுபடி வரும்.

சோதனையில் ஓடியது, டொம்கட்டில் விழுந்தது

இப்போது சோதனைகள் கிளாஸை உருவாக்கி, அழைத்தும் பார்த்தன. எல்லாம் பச்சை. டொம்கட்டில் ஏற்றியதும் இல்லீகல்-அக்சஸ்-எக்செப்ஷன்: இந்த லுக்அப்புக்கு முழு உரிமை இல்லை என்ற அர்த்தத்தில் ஒரு செய்தி. ஒரே ஜாவா, ஒரே நிரல், ஒரே ஜார்.

இந்த இடத்தில்தான் குழு அதிகம் சுற்றியது. டொம்கட்டின் பாதுகாப்பு அமைப்பைச் சந்தேகித்தார்கள், ஜாரின் பதிப்பைச் சந்தேகித்தார்கள், ஒரு மாலை முழுக்க கோப்பு உரிமைகளைக்கூட ஆராய்ந்தார்கள். விடை மொடியூலில் இருந்தது. “நாங்கள் மொடியூல் ஒண்டும் பாவிக்கேல்லையே” என்று எல்லாரும் நினைத்திருந்ததால் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

ஜாவா 9-இலிருந்து மொடியூல் இல்லாத கிளாஸ் என்று ஒன்று கிடையாது. பெயரிட்ட மொடியூலில் சேராதது பெயரற்ற மொடியூலில் போய்ச் சேரும், அந்தப் பெயரற்ற மொடியூல் ஒவ்வொரு லோடருக்கும் தனித்தனி. சோதனைகளில் எல்லாம் ஒரே லோடரால் ஏற்றப்பட்டன, ஆகவே ஒரே மொடியூல். டொம்கட்டில் வாசிப்பான் லைப்ரரி பொது லோடரின் பெயரற்ற மொடியூலில் இருந்தது. கணக்குக் கிளாஸ் வெப் செயலியுடைய லோடரின் பெயரற்ற மொடியூலில் இருந்தது.

லைப்ரரி தன் லுக்அப்பைக் கொடுத்து, பிரைவேட்-லுக்அப்-இன் மூலம் கணக்குக் கிளாஸுக்குள் நுழைந்தது. பெயரற்ற மொடியூல்கள் திறந்தவை என்பதால் நுழைவு மறுக்கப்படவில்லை. ஆனால் மொடியூல் எல்லையைத் தாண்டிப் போன லுக்அப்பிடமிருந்து ‘மொடியூல்’ உரிமை கழற்றப்பட்டுவிடும், ‘பிரைவேட்’ உரிமை மட்டும் மிஞ்சும். டிஃபைன்-ஹிடன்-கிளாஸுக்கு இரண்டும் வேண்டும். பிரைவேட் மட்டும் வைத்துக்கொண்டு ஃபீல்டுக்கு மெதட் ஹேண்டில் எடுக்கலாம், புதிய நெஸ்ட் உறுப்பினரைச் சேர்க்க முடியாது. லுக்அப் துறைமுகப் பாஸ் மாதிரி: எந்த வாசலில், யார் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள் என்பதில்தான் அதன் பெறுமதி இருக்கிறது.

வாசிப்பான் லைப்ரரியை ஒவ்வொரு செயலிக்குள்ளும் வைத்தால் லோடர் ஒன்றாகிவிடுமே என்ற யோசனை வந்தது. ஆனால் பெறும் பகுதி பொதுவில் இருந்துகொண்டு வாசிப்பான் இன்டர்ஃபேஸ் வழியாக அழைக்கிறது. அந்த இன்டர்ஃபேஸின் இன்னொரு பிரதி செயலிக்குள்ளும் இருந்தால் பெயர் ஒன்றானாலும் இரண்டும் வெவ்வேறு கிளாஸ்கள், கிளாஸ்-காஸ்ட்-எக்செப்ஷன்தான் மிஞ்சும். பெறும் பகுதியையும் உள்ளே இழுத்தால் ஒவ்வொரு செயலிக்கும் தனித் திரெட் பூல். சின்னச் சேர்வருக்கு அது கட்டாது.

முடிவு எதிர்ப்பக்கமிருந்து வந்தது. லைப்ரரி தன் பெயரில் லுக்அப் எடுப்பதை நிறுத்தியது. ஒவ்வொரு வெப் செயலியும் தொடங்கும்போது தன் கிளாஸ் ஒன்றுக்குள் நின்று மெதட்-ஹேண்டில்ஸ் லுக்அப்பை எடுத்து, வாசிப்பான்களை வைத்திருக்கும் பதிவேட்டின் கன்ஸ்ட்ரக்டருக்கு (ஆப்ஜெக்டைத் தொடக்கி வைக்கும் பகுதி) கொடுக்கும். அந்தக் கிளாஸும் கணக்குக் கிளாஸும் ஒரே லோடரில், ஒரே பெயரற்ற மொடியூலில். அந்த லுக்அப்பிலிருந்து பிரைவேட்-லுக்அப்-இன் செய்தால் எல்லை தாண்டுவதே இல்லை, முழு உரிமையும் நிற்கும். ஹிடன் கிளாஸ் செயலியின் லோடரிலேயே பிறக்கும். வாசிப்பான் இன்டர்ஃபேஸை அது பெற்றோர் லோடர் வழியாகக் கண்டுகொள்ளும். மாற்றம் மொத்தமாகச் சில வரிகள்.

இதன் விலையையும் குழு பேசியது. முழு உரிமையுள்ள லுக்அப்பைக் கொடுப்பது, அந்தச் செயலியின் எல்லாக் கிளாஸ்களின் பிரைவேட் உறுப்புகளையும் கொடுப்பதற்குச் சமம். கணக்குக் கிளாஸுக்கான லுக்அப்பை மட்டும் செயலியே எடுத்துக் கொடுத்தால் குறையாதா என்று ஒருவர் கேட்டார். குறையாது. முழு உரிமையுள்ள எந்த லுக்அப்பிலிருந்தும் அதே மொடியூலின் வேறு கிளாஸுக்குத் தாவலாம். ஆகவே பதிவேடு லுக்அப்பைப் பொதுவாக எங்கும் வைக்காது, வெளியே திருப்பிக் கொடுக்காது என்று விதி வைத்தார்கள்.

பதிவேட்டை ஸ்டாட்டிக் ஆக்காமல் ஒவ்வொரு செயலியின் கையிலும் தனித்தனியாகக் கொடுத்ததால் இன்னொரு நன்மை தானாக வந்தது. பழைய லைப்ரரி, கிளாஸைத் திறவுகோலாகக் கொண்ட ஸ்டாட்டிக் மேப்பில் வாசிப்பான்களை வைத்திருந்தது. செயலியை மறுபடி ஏற்றினால் பழைய லோடர் அந்த மேப்பில் தொங்கிக்கொண்டு மெட்டாஸ்பேஸில் (கிளாஸ் விவரங்களுக்கான நினைவகம்) குவியும். இரவில் டொம்கட்டை முழுக்க நிறுத்தி எழுப்பும் வழக்கம் அதனால்தான் வந்தது என்று ஊகிக்கிறேன்.

முன்னோட்டத்தில் வந்த பிழை

தை மாதத்தில் ஒரு வியாபாரிக்கு மட்டும் முன்னோட்டம் விட்டார்கள். கொட்பேயிலிருந்து வந்த பதிவுகள் ஒழுங்காக ஏறின. கிண்ணியாப் பக்கத்து எழுத்தர் ஒருவர் வைத்திருந்த பழைய கருவி ஒத்திசைந்தபோது இல்லீகல்-அக்சஸ்-எரர் வந்தது, இந்த முறை லொக்கில் தெளிவாக விழுந்தது. நெஸ்ட் உறுப்பினராக இருந்தும் ஏன்?

கணக்கு நிறுவனத்தின் புதிய ஜாரில் ரசீது இலக்கம் ஃபைனல் (ஒரு தடவை வைத்தபின் மாற்றக்கூடாதது) ஆக்கப்பட்டிருந்தது. ஃபைனல் இன்ஸ்டன்ஸ் ஃபீல்டில் புட்ஃபீல்ட் போட, கட்டளை அதே கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள் இருக்க வேண்டும். நெஸ்ட் பிரைவேட்டைத்தான் திறக்கும், ஃபைனலை அல்ல. புதிய வடிவப் பதிப்புக்கான கிளை ரசீது இலக்கத்தைக் கன்ஸ்ட்ரக்டருக்கே கொடுத்ததால் பிரச்சினை இல்லை. பழைய வடிவத்தின் கிளை வெற்று ஆப்ஜெக்டை உருவாக்கி, பிறகு ஃபீல்டை நிரப்பியது. அந்தக் கிளை ஓடும்வரை ஜேவிஎம் அந்தக் கட்டளையைத் தொட்டே பார்க்கவில்லை.

ரிஃப்ளெக்ஷனில் செட்-அக்சசிபிள் போட்ட ஃபீல்டிலிருந்து மெதட் ஹேண்டில் எடுத்தால் சாதாரணக் கிளாஸின் ஃபைனல் இன்ஸ்டன்ஸ் ஃபீல்டை எழுத இன்றைக்கு முடியும். ரெக்கார்டுக்கும் ஹிடன் கிளாஸுக்கும் முடியாது. குழு அதைச் செய்யவில்லை. ரசீது இலக்கம் மாறக்கூடாது என்று கணக்கு நிறுவனம் நினைத்துத்தான் பூட்டியிருக்கிறது, அந்த எண்ணத்தை உடைப்பதைவிட கன்ஸ்ட்ரக்டர் வழியாகப் போவது சரி என்றார் தலைவர். பழைய கிளையும் பைட்டுகளை முதலில் உள்மாறிகளில் படித்து, பிறகு பிரைவேட் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும்படி மாற்றப்பட்டது. பிரைவேட் கன்ஸ்ட்ரக்டரை நெஸ்ட்மேட் அழைக்கத் தடையில்லை.

விளைவு

மாசிக்குள் எல்லாச் செயலிகளும் ஜாவா 17-க்கு மாறின. பங்குனியில் அறுக்குளாவும் பாரையும் வரத் தொடங்கியபோது விடியற்காலைச் சுமையைச் சேர்வர் தாங்கியது, வேகத்தில் பழையதோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. இரவில் டொம்கட்டை நிறுத்தி எழுப்புவது கைவிடப்பட்டது.

எதிர்பாராத சங்கடம் ஒன்று மிஞ்சியது. ஹிடன் கிளாஸின் அடுக்குகளை ஸ்டாக் டிரேஸ் இயல்பாகக் காட்டாது. கெட்டுப்போன பதிவு ஒன்று வந்து வாசிப்பு முறிந்தால், டிரேஸ் பதிவேட்டோடு நின்றுவிடும், எந்த ஃபீல்ட் என்று தெரியாது. கண்டறியும் தெரிவுகளைத் திறந்து ஷோ-ஹிடன்-ஃப்ரேம்ஸ் போட்டால் தெரியும், ஆனால் உண்மைச் சேர்வரில் அதை எப்போதும் போட்டுவைக்க விருப்பமில்லை. ஆகவே உருவாக்கி இப்போது ஒவ்வொரு ஃபீல்டுக்கும் முன் அதன் வரிசை எண்ணை ஒரு உள்மாறியில் எழுதுகிறது. பிழை வந்தால் அந்த எண்ணோடு புதிய எக்செப்ஷனாகச் சுற்றி எறிகிறது. தேவைப்பட்டால் உருவான பைட்டுகளைக் கோப்பாக இறக்கி, பைட்கோடைப் படிக்கும்படி காட்டும் ஜாவாப் கருவியால் பார்க்கவும் ஒரு சுவிட்ச் வைத்தார்கள்.

இனி மாற்றுவது

சோதனைகள் இப்போது டொம்கட்டின் அமைப்பைப் போலவே இரண்டு லோடர்களோடு ஓடுகின்றன: லைப்ரரி ஒன்றில், கணக்கு ஜார் அதன் பிள்ளை லோடரில். செயலி எழும்போதே ஒவ்வொரு வடிவப் பதிப்புக்கும் ஒரு மாதிரிப் பதிவை வாசித்துப் பார்க்கும் படியும் சேர்ந்திருக்கிறது. கிளைகள் எல்லாம் ஒரு தடவையாவது ஓடினால், அனுமதிப் பிழை எழுத்தர் கரையில் நிற்கும்போது வராமல் செயலி எழும்போதே வந்துவிடும். பெறும் பகுதி எரர் வம்சத்தையும் லொக்கில் எழுதுகிறது, பதிவு பேரேட்டில் ஏறிய பிறகுதான் கருவிக்கு ‘அனுப்பியாயிற்று’ போகிறது.

புதிதாக வரும் பதிவு வகைகளை மெதட் ஹேண்டிலில் எழுதிப் பார்க்கலாம் என்று நான் சொன்னதைக் குழு குறித்துக்கொண்டது. பழைய கருவிகள் பாவனையிலிருந்து நீங்கினால் கிளைகள் குறையும், அப்போது உருவாக்கியை வைத்திருப்பதற்கான காரணமும் குறையும் என்பது என் அபிப்பிராயம். தலைவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

கணக்கு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போனது. அதில் கேட்டது சிறியது: எல்லா மதிப்புகளையும் வாங்கி ஆப்ஜெக்டைத் திருப்பித் தரும் பொது மெதட் ஒன்று ஒவ்வொரு பதிவுக் கிளாஸிலும். அது கிடைத்தால் லுக்அப்பும் வேண்டாம், நெஸ்ட்மேட்டும் வேண்டாம். அடுத்த பதிப்பில் பார்க்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது.